அந்த மண்டபத்துல ஒரு நிமிஷம் சும்மா இருந்தோம்

இது கதை இல்ல. கதைன்னு நினைச்சுப் படிக்கிறவங்க தாராளமா படிங்க, எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. ஆனா நான் நடந்ததை நடந்தபடிதான் சொல்றேன். "காத்தா இருக்கும்", "மிஷின் கோளாறா இருக்கும்"னு கிளம்பி வர்ற மேதாவிங்க கொஞ்சம் பொறுங்க. பாதி ஆயுசைக் காதுல ஹெட்போன் மாட்டியே கழிச்சவ நான். காத்து எது, மிஷின் கோளாறு எதுன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

நான் சவுண்ட் இன்ஜினியர். சொந்தமா ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வச்சிருக்கேன். வச்சிருந்தேன்னு சொல்றதுதான் சரி. ஏன்னா நான் கட்டின ஸ்டுடியோ வாசல்ல இப்போ தொங்குறது என் தம்பியோட படம். அவன் குரலுக்கு இந்த ஊரே அடிமை. "இடி"ன்னு பட்டப்பேரே வச்சுட்டாங்க. விளம்பரம், ரேடியோ நாடகம், கட்சிக் கூட்டம், எங்க திரும்பினாலும் அவன் தொண்டைதான். அந்தத் தொண்டைக்கு முதல் மைக்கைப் புடிச்சது நான். அதை எல்லாம் இப்போ யாருக்கு ஞாபகம் இருக்கு, விடுங்க.

பேர் வந்ததும் தம்பிக்குத் தலைகால் புரியல. தப்பாப் படிச்சாலும் யாரும் சொல்லக் கூடாது. சொன்னா அன்னைக்கு வேலை போச்சு. டீ கொண்டு வர்ற ஆள்கூட டம்ளரைச் சத்தமில்லாம வைக்கணும். நான் மட்டும்தான் எதிர்த்துப் பேசுவேன். அக்காங்கற உரிமை. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ஞ்சுக்கிட்டே வந்துச்சு.

அந்த வருஷம் அவனுக்கு மேயர் ஆகணும்னு ஆசை. இருந்த மேயரும் லேசுப்பட்ட ஆள் இல்ல. கேள்வி கேட்டவங்க கடைக்கெல்லாம் சீல் வச்ச ஆளு. அவரைக் கவுக்க ஒரு ஒலித்தொடர் பண்ணலாம்னு யோசனை சொன்னது, மேயருக்கே உரை எழுதிக் கொடுத்து, சண்டை போட்டு வெளிய வந்த ஒருத்தர். அவரைப் "பேனா"ன்னுதான் கூப்பிடுவோம். மேயர் பேரைச் சொன்னாலே பல்லைக் கடிப்பாரு. நேரடியாத் திட்டினா கேஸ் போடுவாங்க. அதனால ஒரு பழைய ராஜா கதையை எடுத்தாரு.

பல நூறு வருஷத்துக்கு முந்தி இந்தப் பக்கத்தை ஆண்ட ராஜா. சின்ன வயசுலயே பட்டத்துக்கு வந்தவன். முதல்ல நல்லாத்தான் ஆண்டான். போகப்போக, யார் வாயைத் திறந்தாலும் தன்னைத்தான் குறை சொல்றாங்கன்னு ஒரு நினைப்பு. சபையில தான் கேக்காம யாரும் பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டான். மீறினவங்க நாக்கு போச்சு. ஒரு சாயங்காலம், சபை நிறைய ஆளுங்க. ராஜா உசந்த மேடையில உக்காந்திருக்கான். அவனுக்குப் பின்னாடி இருந்த சின்ன வாசல் வழியா ஒருத்தன் கத்தியோட வந்தான். சபையில இருந்த அத்தனை பேரும் பாத்தாங்க. பாக்காதது ராஜா மட்டும்தான். "பின்னாடி பாருங்க"ன்னு சொல்ல ஒருத்தரும் வாயைத் திறக்கல.

"ஊர் வாயை மூடினவனுக்கு, ஆபத்துன்னு கத்த ஒரு வாய் மிஞ்சாது," அப்படின்னாரு பேனா. "இது மேயருக்கு நல்லா உறைக்கும் சார்."

தம்பி தலையாட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மேயருக்குன்னு தைச்ச சட்டை இவனுக்குல்ல அளவா இருக்கு... சொல்லல. சொன்னா யாரு கேக்கப் போறா.

ராஜா செத்த மண்டபம் இன்னும் இருக்கு. ஊருக்கு வெளிய, பாழடைஞ்ச கோட்டைக்குள்ள. பகல்ல டிக்கெட் கொடுத்து உள்ள விடுவாங்க. கடைசி அத்தியாயத்தை அங்கேயே பதிவு பண்ணணும்னு தம்பி ஒத்தைக் கால்ல நின்னான். நிஜமான எக்கோ வேணுமாம். சுத்திப் பாக்க வர்றவங்க போனதுக்கப்புறம், சாயங்காலம் உள்ள போக அனுமதி வாங்கினோம். நான், தம்பி, பேனா. மூணே பேர்.

நாங்க போறப்ப உள்ள ரெண்டு பொம்பளைங்க தரையைப் பெருக்கிக்கிட்டே பயங்கரமா சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. ஒருத்தி இன்னொருத்தியோட பரம்பரையையே இழுத்துத் திட்டுறா. அவ இவளோட புருஷனைத் திட்டுறா. நான் பெரிய தகராறுன்னு ஒதுங்கி நின்னேன். வேலை முடிஞ்சு வாசலைத் தாண்டினதும் ரெண்டு பேரும் தோள் மேல கை போட்டுக்கிட்டு, வீட்டுக்கு எந்த பஸ்ல போறதுன்னு பேசிக்கிட்டுப் போறாங்க.

மண்டபத்துச் சாவி வச்சிருந்த அம்மாகிட்ட கேட்டேன். "என்னம்மா இது கூத்து?"

"உள்ள பெருக்குறப்ப அப்படித்தான். பேசிக்கிட்டே இருக்கணும். பேச விஷயம் இல்லன்னா சண்டை போட்டுக்குவாங்க."

"ஏன்?"

"சும்மா இருந்தா உள்ளே நல்லா இருக்காது," அவ்வளவுதான் சொன்னாங்க. வாசல்கிட்ட நாற்காலியைப் போட்டுக்கிட்டு, உள்ள வராம உக்காந்துட்டாங்க.

நீளமான கல் மண்டபம். கடைசியில உசந்த மேடை. மேடைக்குப் பின் சுவத்துல ஆள் குனிஞ்சு நுழையற மாதிரி ஒரு சின்ன வாசல். அதுக்கு அந்தப் பக்கம் இருட்டு. தம்பி மேடை மேல மடக்கு நாற்காலியைப் போட்டு, ராஜா உக்காந்த அதே இடத்துல உக்காந்தான். முன்னாடி மைக். படிக்க ஒரு சின்ன விளக்கு. நான் எதிர்ப்பக்கம், தள்ளி, அவனைப் பாத்தபடி மேஜை போட்டு ரெக்கார்டரை வச்சேன். பேனா எனக்குப் பக்கத்துல ஒரு தூணில சாஞ்சு நின்னாரு.

முதல்ல கையைத் தட்டிப் பாத்தேன். எங்க தொழில்ல அதுதான் வழக்கம். கைத்தட்டல் மண்டபம் முழுக்கப் போய், முட்டி, உருண்டு, ரொம்ப நேரம் கழிச்சு அடங்குச்சு. அருமையான எக்கோ. காலி மண்டபத்துக்கே உரிய எக்கோ.

இதை மட்டும் கொஞ்சம் விளக்கமா சொல்லிடறேன். காலியான இடம் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். அதே இடத்துல ஆளுங்க நிறைஞ்சா சத்தம் திரும்பி வராது. உடம்பும் துணியும் அதைக் குடிச்சிடும். கல்யாண மண்டபத்துக்குக் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போய் நின்னு பேசிப் பாருங்க, உங்களுக்கே தெரியும். கண்ணை மூடிக்கிட்டு நின்னாலே ஒரு ஹால்ல ஆள் இருக்கா இல்லையான்னு என்னால சொல்ல முடியும்.

பதிவு ஆரம்பிச்சோம். குறை சொல்லக் கூடாது, தம்பி பிரமாதமாப் படிச்சான். முதல் காட்சி முடிஞ்சுது. ரெண்டாவது ஆரம்பிச்சப்போ ஹெட்போன்ல ஏதோ இடிச்சுது. எக்கோ கொஞ்சம் குட்டையா இருந்துச்சு.

கேபிளைப் பாத்தேன். சரியா இருக்கு. மைக் நகரவே இல்ல.

மூணாவது காட்சியில இன்னும் குறைஞ்சுது. தம்பி "யார் அங்கே"ன்னு அதட்டுறான். முன்னாடின்னா அது மண்டபத்தைச் சுத்தி வந்திருக்கும். இப்போ பாதி வழியிலயே அடங்கிப்போச்சு. யாரோ உள்ள வந்து நிக்கிற மாதிரி. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல... வரிசையா.

நிமிந்து பாத்தேன். வெறும் தரை. அந்தப் பொம்பளைங்க பெருக்கி விட்ட சுத்தமான கல் தரை.

"தம்பி, கொஞ்சம் நிறுத்து," அப்படின்னேன். "எக்கோ குறைஞ்சுக்கிட்டே வருது."

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"உனக்கு எப்படித் தெரியும்? ஹெட்போன் என்கிட்டல்ல இருக்கு."

காகிதத்தைத் தொடை மேல அடிச்சான். "நீ மிஷினை மட்டும் பாரு. இனிமே நான் கேக்காம வாயைத் திறந்தே, அந்த டப்பாவைத் தூக்கிக்கிட்டு வெளிய போ. ஊர்ல சவுண்டுக்கு ஆளா இல்ல?"

பேனா தூண் பக்கம் திரும்பிச் சிரிச்சாரு. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. மூணாவது மனுஷன் முன்னாடி, அதுவும் அந்தப் பேனா முன்னாடி. அப்போ மனசுக்குள்ள நான் என்ன நினைச்சேன்னு கேக்காதீங்க. கூடப் பொறந்தவனைப் பத்தி நினைக்கக் கூடாததை நினைச்சேன். ஆத்திரத்துல எந்த அக்காவும் நினைக்கறதுதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு மறுபடி ரெக்கார்டர் பட்டனைத் தட்டினேன்.

கடைசிக் காட்சியும் முடிஞ்சுது. வெளிய நல்லா இருட்டிட்டு வந்துச்சு. ஆறேகால் இருக்கும். தம்பி நாற்காலியிலயே சாஞ்சான். நான் என் வேலையைப் பண்ணினேன். எந்த இடத்துல பதிவு பண்ணாலும், கடைசியில அந்த இடத்தோட வெறும் சத்தத்தை ஒரு நிமிஷம் எடுத்து வச்சுக்குவோம். ரூம் டோன்னு சொல்லுவோம். பின்னாடி வெட்டி ஒட்டுறப்போ இடைவெளியை நிரப்ப அது வேணும். அந்த நிமிஷம் யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது. வாய் தானாவே சொல்லிருச்சு.

"எல்லாரும் அப்படியே இருங்க. ஒரு நிமிஷம். யாரும் பேசாதீங்க."

பெருக்குற பொம்பளைங்க சண்டை அப்போ எனக்கு ஞாபகம் வரல. வந்திருக்கணும்.

பட்டனை அழுத்தினேன்.

முதல்ல ஒண்ணுமில்ல. அப்புறம் துணி உரசுற சத்தம். நிறைய துணி. யாரோ இருமலை அடக்குறாங்க. ஒரு குழந்தையை யாரோ "ஷ்ஷ்"னு அமத்துறாங்க.

மண்டபம் செத்த மாதிரி இருந்துச்சு. எக்கோ சுத்தமா இல்ல. எள் போட்டா எள் விழாத கூட்டத்துக்கு நடுவுல நின்னா எப்படிக் கேக்குமோ, அப்படி.

கண்ணு முன்னாடி வெறும் தரை.

அப்புறம் எல்லா மூச்சும் ஒண்ணா நின்னுச்சு. இழுத்த மூச்சை அத்தனை பேரும் விடாம புடிச்சுக்கிட்டாங்க.

நான் தம்பியைப் பாத்தேன்.

அவனுக்குப் பின்னாடி அந்தச் சின்ன வாசல். அதுல இருட்டு கொஞ்சம் அசைஞ்சுது.

குனிஞ்சு... ஒரு ஆள் வெளிய வந்தான்.

வெறுங்கால். சத்தமே இல்ல. முகம் விளக்கு வெளிச்சத்துக்கு மேல இருட்டுல, தெரியல. கை மட்டும் தெரிஞ்சுது. அந்தக் கை மெதுவா உசந்துச்சு.

தம்பி காகிதத்தைப் பாத்துக்கிட்டிருக்கான்.

பேனாவைப் பாத்தேன். அவரும் அங்கதான் பாத்துக்கிட்டிருந்தாரு. கண்ணு பிதுங்கி நிக்குது. வாய் மூடியிருக்கு.

கத்தணும். "டேய், பின்னாடி பாருடா." மூணு வார்த்தை.

வரல.

யாரும் என் வாயைப் பொத்தல. தொண்டையை யாரும் புடிக்கல. சும்மா... வரல.

கை இன்னும் உசந்துச்சு.

தம்பி கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டான்.

உதைச்சேன். வாய்தானே வரல, கால் வந்துச்சு. மேஜையை ஒரே உதை. மேஜை, ரெக்கார்டர், எல்லாம் கல் தரையில விழுந்துச்சு. பேட்டரி தெறிச்சு எங்கயோ உருண்டுச்சு. அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கப் போய், முட்டி, உருண்டு, ரொம்ப நேரம் அடங்கவே இல்ல.

காலி மண்டபத்து எக்கோ.

தம்பி துள்ளி எழுந்தான். பின்னாடி ஒருத்தனும் இல்ல. வாசல் மட்டும் இருந்துச்சு.

"அறிவிருக்கா உனக்கு? வேணும்னே பண்றியா?"

கார்ல வர்ற வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தான். வேலை தெரியாதவ, பொறாமை புடிச்சவ, அவன் நல்லா வர்றது எனக்குப் பொறுக்கலன்னு. எனக்கு அவன் குரல் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும்னு இருந்துச்சு. பின் சீட்டுல பேனா ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தாரு.

அவங்களை இறக்கிவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். ரெக்கார்டர் உடைஞ்சிருந்தாலும் உள்ள இருந்த கார்டு நல்லா இருந்துச்சு. பேட்டரி தெறிச்ச நொடியோட பதிவு நின்னிருக்கணும். பாதி நிமிஷம்கூட இருக்கக் கூடாது.

முழு நிமிஷமும் இருந்துச்சு.

மேஜை விழுந்த சத்தம் அதுல இல்லவே இல்ல.

துணி உரசல் இருந்துச்சு. குழந்தையை அமத்துறது இருந்துச்சு. மூச்சு நின்னுச்சு. அப்புறம் அமைதி... அப்புறம் ஒரு வெட்டு. ஈர மரத்துல கோடாலி இறங்கின மாதிரி. மடக்கு நாற்காலி சாயற சத்தம். தகர நாற்காலி, எங்க ஸ்டுடியோ நாற்காலி, அதோட கிறீச்சு எனக்குத் தெரியும்.

அப்புறம், புடிச்சு வச்சிருந்த மூச்சை அத்தனை பேரும் ஒண்ணா விட்டாங்க. நிம்மதியா.

அதுக்கப்புறம் ஒரு குரல். தொண்டையில என்னமோ நிறைஞ்சு கொழகொழன்னு வந்துச்சு. ஆனா எந்தக் குரல்னு எனக்குச் சந்தேகமே இல்ல. அந்தக் குரலை வளத்தவ நான்.

"அக்கா... நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

ஹெட்போனைக் கழட்டி வீசிட்டு அவனுக்குப் போன் போட்டேன். ரிங் போகுது... போகுது... எடுத்தான்.

"இப்ப என்ன?" எரிஞ்சு விழுந்தான்.

அந்த எரிச்சலைக் கேட்டதும் அழுதுட்டேன். ஒண்ணுமில்லன்னு சொல்லி வச்சுட்டேன். கார்டுல இருந்ததை அழிச்சு, கார்டையும் சுத்தியலால நசுக்கினேன். யாருக்கும் போட்டுக் காட்டல. இன்னைக்கு வரைக்கும் அதைக் கேட்டது நான் ஒருத்திதான்.

மறுநாள் பேனாவைப் போய்ப் பாத்தேன். கதவைப் பாதிதான் திறந்தாரு.

"நேத்து பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"ஏன் கத்தல?"

"வாய் வரல. உங்களுக்கு?"

"எனக்கும் வரல."

ரெண்டு பேரும் வேற வேற பக்கம் பாத்தோம். அவர் சொன்னதை நான் நம்பல. நான் சொன்னதை அவரும் நம்பலன்னு முகத்துலயே தெரிஞ்சுது.

கிளம்பறப்போ என்னமோ தோணி கேட்டேன். "அந்த ராஜா சாகறப்போ ஏதாவது சொன்னானா? உங்க வசனத்துல ஒண்ணும் இல்லையே."

"பழைய குறிப்புல இருக்கு. நான்தான் எடுத்துட்டேன்."

"என்ன இருக்கு?"

"ராஜாவுக்கு ஒரு அக்கா. எடுத்து வளத்தவ. சபையில எல்லார் முன்னாடியும் அவளை அசிங்கப்படுத்தியிருக்கான். அன்னைக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஊருக்குச் சொல்லி வச்சதே அவதான். பயந்து போய் யாரும் சும்மா இருக்கல. எல்லாரும் சேர்ந்துதான் சும்மா இருந்தாங்க. அவ எதிர்லயே நின்னு பாத்தா. அவன் அவகிட்டதான் கேட்டான், 'அக்கா, நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே'ன்னு. அதுதான் கடைசி வார்த்தை."

கதவைப் புடிச்சுக்கிட்டேன். "இதை ஏன் எடுத்தீங்க?"

"ஜனங்க பயந்து வாயை மூடினாங்கன்னாதான் மேயருக்கு உறைக்கும். அக்காக்காரியே பண்ண வேலைன்னு வந்தா குடும்பச் சண்டை ஆயிடும். அதுல அரசியல் எங்க இருக்கு?"

"என் தம்பிக்கு இது தெரியுமா?"

"இடி சாரா? அவர் எழுதிக் கொடுத்ததையே முழுசாப் படிக்கிறதில்ல. பழைய குறிப்பையா தேடிப் படிக்கப் போறாரு?"

கடைசி அத்தியாயத்தை ஸ்டுடியோவுலயே மறுபடி எடுத்தோம். ஒலித்தொடர் பிச்சுக்கிட்டுப் போச்சு. தெருத்தெருவாப் பேசினாங்க. மேயர் தோத்துட்டாரு. என் தம்பி ஜெயிச்சான். இப்போ அந்த ஆபீஸ்ல, அந்த நாற்காலியில அவன்தான். அவன் கேக்காம அங்க யாரும் வாயைத் திறக்கறதில்லன்னு கேள்வி. பேனாதான் இப்போ அவனுக்கு உரை எழுதிக் கொடுக்கறாரு.

எனக்கு வாய் வரல. சத்தியமா வரல. கோபம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. அதுக்காக... இல்ல. உதைச்சேனே. நான்தானே உதைச்சேன்.

மாசத்துக்கு ஒரு தடவை அவனைப் பாக்கப் போவேன். அன்னைக்கு நடந்ததைப் பத்தி அவன்கிட்ட ஒரு வார்த்தை நான் சொன்னதில்ல. பேனாவும் சொல்லல, பயந்தாங்கொள்ளி. தம்பியும் என்கிட்ட எதுவும் கேட்டதில்ல. நல்லாத்தான் பேசறான், டீ வரவழைக்கறான், உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிக்கறான். ஆனா நான் உள்ள வந்ததும் எழுந்து நாற்காலியைச் சுவத்தோரம் இழுத்துப் போட்டுக்கிறான். நான் எழுந்து போய் ஜன்னல்கிட்ட நின்னா, அவனும் என் பக்கமே திரும்பி உக்காந்துக்கிறான். அன்னைக்கு அப்புறம் இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அவன் எனக்கு முதுகைக் காட்டினதில்ல.